சொல்ல இயலாதவரின் பாதுகாப்பு

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி, "இதில் ஆபத்து உண்டா?" என்பதுதான். ஊசிக்கு முன்பும் அது கேட்கப்படுகிறது. அறுவைக்கு முன்பும் கேட்கப்படுகிறது. வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எல்லாச் சிகிச்சையிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு" என்பது. அது உண்மையே. ஆனால் கேட்டவருக்கு அதனால் எதுவும் தெளிவாவதில்லை. எந்த ஆபத்து, எதனோடு ஒப்பிட்டால், எந்த நாளில், யார் கவனித்திருக்கும்போது என்று நான்காகப் பிரித்துக் கேட்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். தன்னுடல் தாக்கு மூளையழற்சிக்குச் செய்யப்படும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் இந்த நான்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் நான்காவது, பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது.

முதலில் நோய். 2007ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் டெரட்டோமா என்னும் கட்டி உடைய 12 பெண்களைப் பற்றி எழுதினர். மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல் என அவர்களுடைய நோய் ஒரே ஒழுங்கில் வளர்ந்திருந்தது. மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அவர்கள் உடலில் இருந்தன. நோய்க்கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள், நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாத ஏற்பியைத் தாக்கியிருந்தது. கட்டி உள்ளவர்களுக்கு மட்டுமே வருவது என்று தொடக்கத்தில் தோன்றிய இந்த நோய், கட்டி எதுவும் இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருவதாகப் பின்னர் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் மூளையழற்சி ஆய்வுத் திட்டம் 2012இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது: அங்கே ஆராயப்பட்ட 30 வயதுக்கு உட்பட்டோரில், எந்தவொரு தனி வைரசைவிடவும் இந்த ஆன்டிபாடியே மிகுதியாகக் காணப்பட்டது.

இந்த நோயின் உயிரியலில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஆன்டிபாடி, ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. அணுவைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆன்டிபாடியின் அளவு குறைந்தால் ஏற்பிகள் மீண்டும் மேற்பரப்புக்கு வருகின்றன. கதவைப் பூட்டிவிட்டார்கள், வீட்டை இடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடப்பதும், தம் பெயரை மறந்தவர் மீண்டும் பாடம் நடத்துவதும் இதனால்தான் இயலுகின்றன. ஆனால் பூட்டிய வீடும் நெடுங்காலம் கிடந்தால் பாழாகும். வலிப்பும், மூச்சு அடங்குவதும், இதயத்துடிப்பு தாறுமாறாவதும், நெடுநாள் படுக்கையால் வரும் தொற்றும் காத்திருப்பதில்லை.

பல்கலைக்கழகங்களில் இருப்போர் இந்த நோயை அறிந்துகொள்ள ஒரு தனிக் காரணமும் உண்டு. இது மிகுதியாகத் தாக்குவது இளம் வயதினரை. அதன் முதல் அறிகுறிகள், ஆய்வு மாணவர் ஒருவரிடம் காணப்பட்டால் எவருக்கும் பொருத்தமாகவே தோன்றக்கூடியவை.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவியாக இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அப்படித்தான் நிகழ்ந்தது. ஒரு வாரம் தலைவலியும் இலேசான காய்ச்சலும். பிறகு உறக்கம் போயிற்று. தம் ஆய்வேட்டின் இயல்களை யாரோ இரவில் படிப்பதாக நெறியாளரிடம் சொன்னார். விடுதி அறைத் தோழி கேட்டபோது அழுதார். மறுநாள் காரணமின்றிச் சிரித்தார். "ஆய்வேட்டு அழுத்தம்" என்றார் துறையில் ஒருவர். அந்தச் சொல் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. உடல்நல மையத்தில் தூக்க மாத்திரை கிடைத்தது. பத்து நாளில் மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டார். உளப்பிணிக்கான மருந்து தொடங்கியதும் உடல் விறைத்தது, காய்ச்சல் ஏறியது. இந்த நோயாளிகள் அத்தகைய மருந்துகளைப் பல வேளைகளில் தாங்குவதில்லை. பிறகு பேச்சு நின்றது. உதடும் நாக்கும் ஓயாமல் எதையோ மெல்லுவதுபோல் அசையத் தொடங்கின. முதல் வலிப்பு வந்த பிறகே நரம்பியல் மருத்துவர் அழைக்கப்பட்டார். முதுகுத் தண்டுவட நீரில் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது உறுதியானபோது, முதல் தலைவலியிலிருந்து இருபத்து நான்கு நாட்கள் கடந்திருந்தன.

இங்கே எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. ஆய்வேட்டு அழுத்தம் என்பது உண்மையாகவே உள்ளது. அதனால் நலிந்தவர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பெண் பேச முடிந்த நாட்களில் சொன்னவை அனைத்தும் அழுத்தத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டன. அவர் பேச முடியாமற்போன பிறகே அவருடைய உடல் சொன்னது கேட்கப்பட்டது.

வயிற்று ஸ்கேனில் சினைப்பைக் கட்டி எதுவும் இல்லை. ஐந்து நாட்கள் உயர் அளவு ஸ்டீராய்டு கொடுத்தும் மாற்றம் தெரியவில்லை. அப்போதுதான் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பற்றி மருத்துவர் பேசினார். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்கு முன் வந்து சேர்ந்திருந்த தந்தைக்கு இந்தியும் ஆங்கிலமும் தெரியாது. மகளோடு படித்த மூத்த மாணவி ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

"ரத்தத்தையே மாத்தப் போறாங்களாம்மா?"

"இல்லப்பா. ரத்தத்துல செல்லெல்லாம் நீங்கின நீர்ப்பகுதி இருக்குல்ல, அதை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு வேற திரவம் குடுப்பாங்க. சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் பாப்பாவுக்கே திரும்பப் போயிடும்."

"எடுக்கும்போது ஏதாச்சும் ஆனா?"

அந்த மாணவி அதற்கு மொழிபெயர்க்கத் தொடங்கி நிறுத்தினார். அது மருத்துவரிடம் கேட்கப்பட்டதா, தம்மிடம் கேட்கப்பட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் இந்தச் சிகிச்சையின் வரலாற்றையும் சிறிது அறிய வேண்டும். 1914ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபலும் அவருடைய துணைவர்களும் நாய்களின் இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மட்டும் திருப்பிச் செலுத்திக் காட்டினர். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பிளாஸ்மாஃபெரிசிஸ். எடுத்து அகற்றுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மனிதருக்கு அது பரவலாகப் பயன்பட மையவிலக்கு முறையில் இடைவிடாமல் இயங்கும் கருவிகள் வரவேண்டியிருந்தது. 1976இல் இலண்டனில் தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிசுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். அங்கும் ஆன்டிபாடியே எதிரி. அதை வடித்தெடுத்ததும் நோயாளிகளுக்கு வலு திரும்பியது. 1985இல் கில்லன்–பாரே நோயாளிகள் 245 பேரிடம் நடத்தப்பட்ட வட அமெரிக்க ஆய்வு, இந்தச் சிகிச்சை பெற்றோர் விரைவில் தேறுவதைக் காட்டியது. மூளையழற்சிக்கு இது வந்தபோது, நரம்பியலில் இதற்கு ஏற்கெனவே முப்பதாண்டுப் பழக்கம் இருந்தது. இதன் தீங்குகள் எவை என்பது கணக்கில் வந்திருந்தது.

செயல்முறையின் கணக்கும் எளிதே. 60 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பிளாஸ்மா இருக்கும். அந்த அளவை ஒருமுறை மாற்றினால், இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் ஆன்டிபாடியில் ஏறக்குறைய 63 விழுக்காடு வெளியேறும். முழுவதும் வெளியேறாததற்குக் காரணம், எடுப்பதும் நிரப்புவதும் ஒரே நேரத்தில் நடப்பதே. பாதி காலியான குடத்தில் நீர் ஊற்றிக்கொண்டே மொள்வதைப் போன்றது அது. மேலும், ஐஜிஜி வகை ஆன்டிபாடியில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இரத்தக் குழாய்களுக்கு வெளியே திசுக்களில் இருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாளில் அது மீண்டும் இரத்தத்துக்குள் கசிந்து வரும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முதல் ஏழு முறை வரை செய்கிறார்கள்.

இங்கே ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே தடுப்பு ஒன்று உண்டு. இந்த நோயில் ஆன்டிபாடியின் ஒரு பகுதி அந்தத் தடுப்புக்கு உள்ளேயே உற்பத்தியாகிறது. இரத்தத்தை வடிகட்டும் கருவி அதை நேரடியாகத் தொடுவதில்லை. அதனால் ஸ்டீராய்டும், ஆன்டிபாடியை உருவாக்கும் அணுக்களை அடக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தும், கட்டி இருந்தால் அதை அகற்றும் அறுவையும் சேர்ந்தே பயன் தருகின்றன. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பு.

சான்றுகளின் நிலையையும் மறைக்க வேண்டியதில்லை. மூளையழற்சியில் பிளாஸ்மா மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சோதித்த பெரிய குலுக்கல்முறை ஆய்வு இல்லை. இருப்பவை பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகு ஏடுகளைப் புரட்டித் தொகுத்தவை. அமெரிக்க அஃபெரிசிஸ் சங்கம் என்எம்டிஏ மூளையழற்சியில் இதை முதல் வகையில் வைத்து, பரிந்துரைக்கு 1சி என்னும் தரம் கொடுத்திருக்கிறது. பரிந்துரை வலுவானது, அதற்குப் பின்னுள்ள சான்று வலுக்குறைவானது என்பது அந்தக் குறியின் பொருள். ஆய்வுலகத்தாருக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் விரைந்து மோசமாகும் ஓர் அரிய நோயில் சான்று முழுமையாகும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவே. அந்த முடிவுக்கும் விலை உண்டு. 2013இல் வெளியான 577 நோயாளிகளின் தொகுப்பில் இந்த விலை ஓரளவு தெரிகிறது. முதல்நிலைச் சிகிச்சையோ கட்டி அகற்றலோ பெற்ற 472 பேரில் 251 பேர் நான்கு வாரத்துக்குள் முன்னேறினர். 24ஆம் மாதத்தில் நிலை அறியப்பட்ட 252 பேரில் 203 பேர், அதாவது 81 விழுக்காட்டினர், நல்ல நிலையில் இருந்தனர். நல்ல முடிவோடு சேர்ந்து தென்பட்ட காரணிகள் இரண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படாமை, சிகிச்சை முன்கூட்டியே தொடங்கியமை.

இப்போது ஆபத்துகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அச்சம் தரும் பெயர்களுக்குப் பின்னால் புரிந்துகொள்ளக்கூடிய காரணங்கள் இருப்பது தெரியும்.

கருவிக்குள் இரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலக்கப்படுகிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பகுதி சிட்ரேட் நோயாளியின் உடலுக்குள் செல்வதால் அங்கும் கால்சியம் குறையும். முதலில் உதட்டோரத்திலும் விரல் நுனியிலும் மரத்துப்போனது போன்ற குறுகுறுப்பு, பிறகு தசைப்பிடிப்பு, கடுமையானால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். மயஸ்தீனியா நோயாளியோ கில்லன்–பாரே நோயாளியோ நினைவோடு இருப்பார். "உதடு ஒரு மாதிரி இருக்கிறது" என்று அவர் சொன்னதும் செவிலியர் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுப்பார். அத்துடன் முடிந்துவிடும். உலகெங்கும் இந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று பெயர் பெற்றதில், நோயாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பங்கு உண்டு.

மூளையழற்சி நோயாளியிடம் அந்த வாக்கியம் இல்லை. அவர் பேசுவதில்லை, அல்லது பேசுவதற்குப் பொருள் இல்லை. அவருடைய உதடுகள் நோயினாலேயே ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. கால்சியம் குறைந்ததால் வரும் துடிப்பை அந்தத் துடிப்பிலிருந்து கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகவே அவர் சொல்ல வேண்டியதை வேறு யாராவது கண்டுபிடிக்க வேண்டும். இடையிடையே இரத்தத்தில் கால்சியம் அளக்கப்பட வேண்டும். இதயத் துடிப்புத் திரையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்சியம் முன்கூட்டியே சொட்டுச் சொட்டாகச் செல்ல ஏற்பாடு வேண்டும்.

இரத்த அழுத்தமும் அப்படியே. எந்நேரமும் ஏறத்தாழ 200 மில்லி அளவு இரத்தம் உடலுக்கு வெளியே கருவிக்குள் இருக்கும். நலமான நரம்பு மண்டலம் அதை ஈடுசெய்துவிடும். இந்த நோயிலோ, கேட்காமலே இயங்கும் தன்னியக்க நரம்புகளே தடுமாறிக்கொண்டிருக்கின்றன. ஒருபொழுது இதயம் 140க்கு மேல் ஓடும். அடுத்த பொழுது துடிப்பு மந்தமாகும். இந்த அலைச்சலின் நடுவே திரவத்தை எடுப்பதும் நிரப்புவதும் மிகுந்த நிதானத்தோடு செய்யப்பட வேண்டியவை. இரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பி வகை மாத்திரை உண்பவர் என்றால் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். இல்லையேல் அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும்.

மூன்றாவது, குழாய். கழுத்திலோ தொடை மடிப்பிலோ உள்ள பெரிய சிரையில் தடித்த கதீட்டர் செருகப்படுகிறது. செருகும்போது இரத்தக் கசிவோ நுரையீரல் காயமோ ஏற்படலாம். இருக்கும் நாட்களில் தொற்றும் இரத்த உறைவும் வரலாம். பிளாஸ்மா மாற்றத்தால் வரும் கடுமையான தீங்குகளில் பல, கருவியைவிட இந்தக் குழாயோடு தொடர்புடையவை. மனம் கலங்கிக் கைகால் வீசும் நோயாளி அதைப் பிடுங்கிவிடவும் கூடும். கையைக் கட்டிலில் கட்டிவிடுவது எளிய வழி. போதிய மயக்க மருந்தும், அருகில் உட்கார ஓர் ஆளும், தேவை முடிந்த நாளிலேயே குழாயை அகற்றுவதும் சரியான வழி.

வெளியேறுவது தீய ஆன்டிபாடி மட்டுமன்று என்பது நான்காவது. இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன், ஒருமுறை ஆல்புமின் கொண்டு மாற்றியதும் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். திரும்ப இரண்டு மூன்று நாளாகும். முதுகுத் தண்டுவட நீர் எடுப்பதையும், கட்டி அறுவையையும், குழாய் அகற்றுவதையும் இந்த நாட்கணக்கைப் பார்த்தே வைக்க வேண்டும். நல்ல எதிர்ப்பொருள்களும் போவதால் தொற்று வாய்ப்பு கூடும். புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் மருந்துகளும் பிளாஸ்மாவோடு வெளியேறும். வலிப்பு மருந்தைச் சிகிச்சைக்குச் சற்று முன் கொடுத்துவிட்டால், அதன் ஒரு பங்கு கழிவுப் பையில் சேரும். மாலையில் வலிப்பு வந்தபின் காரணம் தேடுவார்கள். விலை மிகுந்த இம்யூனோகுளோபுலினையோ ரிட்டுக்சிமாபையோ இன்று கொடுத்து நாளை பிளாஸ்மா மாற்றினால் மருந்தையே வடித்துக் கொட்டியதாகும். இங்கே பாதுகாப்பு என்பது ஒரு நேர அட்டவணை. அது சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா, எல்லா முறைப்பணிச் செவிலியரும் அதைப் படித்தார்களா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஐந்தாவது, நிரப்பும் திரவம். ஆல்புமினால் ஒவ்வாமை குறைவு, விலை அதிகம். கொடையாளர்களிடமிருந்து பெற்று உறையவைத்த பிளாஸ்மா மலிவு. அதில் உறைவுப் பொருள்கள் உண்டு. ஆனால் தடிப்பு, மூச்சுத் திணறல் போன்ற ஒவ்வாமைகளுக்கும் அரிதாக நுரையீரல் பாதிப்புக்கும் இடமுண்டு. நம் நாட்டில் பணம் பெற்று இரத்தம் விற்போரிடமிருந்து இரத்தம் பெறுவது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, 1998 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தீர்ப்பும் இந்தப் படுக்கையருகே தொங்கும் பையின் பாதுகாப்பில் ஒரு பகுதியே.

இத்தனையையும் படித்தவர் இது அஞ்சத்தக்க சிகிச்சை என்று முடிவுகட்டலாம். அது சரியான முடிவாகாது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை எதிர்பார்க்கத்தக்கவை, அளக்கத்தக்கவை, நேரத்தோடு கண்டால் திருத்தத்தக்கவை. நிகழ்பவற்றில் மிகுதியானவை இலேசானவை. மாற்றுச் சிகிச்சைகளும் தீங்கற்றவை அல்ல. ஸ்டீராய்டு உறக்கத்தைக் கெடுத்து மனக்குழப்பத்தைக் கூட்டக்கூடும், சர்க்கரையை ஏற்றும். இம்யூனோகுளோபுலினுக்குக் கதீட்டர் தேவையில்லை; ஆனால் இரத்த உறைவும் சிறுநீரகப் பாதிப்பும் அதற்கும் உண்டு, அதன் விலையோ பல குடும்பங்களுக்கு எட்டாதது. சிகிச்சையே செய்யாதிருப்பதன் ஆபத்துகள் மட்டும் ஒப்புதல் படிவத்தில் அச்சிடப்படுவதில்லை.

படிவம் என்பது இங்கே தனிச் சிக்கல். வயதுவந்த, முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளியின் ஒப்புதலுக்கு உறவினரின் ஒப்புதல் ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. அந்த வழக்கில் நோயாளி மயக்க மருந்தில் இருந்தார். சில மணி நேரம் பொறுத்திருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். மூளையழற்சி நோயாளி விழித்துக் கேட்கும் நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களைக் குறைக்கத்தான் சிகிச்சை. எனவே மற்றொருவர் கையொப்பமிட நேர்கிறது. கையொப்பமிடுபவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்படாவிட்டால், அந்தத் தாளில் மை இருக்கும், ஒப்புதல் இருக்காது. தந்தையும் மாணவியும் நின்றிருந்த அந்த அறையில், மருத்துவர் தாமாகவே ஒரு தாளில் படம் வரைந்தார்: ஒரு கை, ஒரு குழாய், ஒரு கருவி, இரண்டு பைகள். எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று அம்புக்குறியிட்டார். பிறகு மாணவியிடம், "நான் சொன்னதை அவரை உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

தந்தை சொன்னார்: "கெட்டது போகும்போது நல்லதும் கொஞ்சம் போகும். அதுக்குப் பக்கத்துல ஆள் இருந்து பாக்கணும். பாப்பாவால சொல்ல முடியாது. அவ்வளவுதானேம்மா?"

அந்த மாணவி அதை ஆங்கிலத்தில் சொன்னபோது மருத்துவர் தலையசைத்தார். அதன்பின்தான் கையொப்பம்.

ஐந்து முறை மாற்றினார்கள். இரண்டாம் முறையின்போது அளவெடுத்ததில் கால்சியம் இறங்கியிருந்தது. பணியிலிருந்த செவிலியர் வேகத்தைக் குறைத்துச் சொட்டுமருந்தைக் கூட்டினார். நோயாளியின் முகத்தில் எந்த வேறுபாடும் தெரிந்திருக்கவில்லை. நான்காம் முறையில் அழுத்தம் சரிந்து, அரைமணி நேரம் நிறுத்தித் தொடர்ந்தார்கள். கடைசி மாற்றத்துக்குப் பிறகு குழாயை அகற்றி, இடைவெளி விட்டு, ரிட்டுக்சிமாப் தொடங்கினார்கள். வியப்பான திருப்பம் எதுவும் அந்த வாரத்தில் நிகழவில்லை. மூன்றாம் வாரம் அவருடைய கண்கள் தந்தையைத் தொடர்ந்து சென்றன. இந்த நோய் வந்த வழியே திரும்பிப் போவது வழக்கம்: முதலில் மூச்சும் துடிப்பும் ஒழுங்காகின்றன, பிறகு அசைவு, பிறகு பேச்சு, கடைசியில் நினைவும் நிதானமும். பேச்சு வந்தபின்னும் சில வாரங்கள் அவர் முதல் நாட்களின் ஐயங்களையே பேசினார். "மறுபடியும் அதே மாதிரி ஆயிட்டாளே" என்று கலங்கிய தந்தைக்கு, அது திரும்பி வரும் பாதை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பின் பதிவு நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். நோயின் மாதங்கள் அவருக்கு நினைவில் இல்லை. அவர் உடலுக்கு நேர்ந்தவற்றின் ஒரே ஏடு பிறருடைய கவனிப்பில்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. இந்தியாவில் கருவியும் பயிற்சி பெற்றோரும் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆன்டிபாடிப் பரிசோதனைக்கு நீர் அனுப்பி முடிவு வரவும் நாட்கள் ஆகும். மாவட்ட மருத்துவமனையில் கிடப்பவருக்கு, 'பிளாஸ்மா மாற்றம் பாதுகாப்பானதா' என்ற கேள்விக்கு முன், 'ஆம்புலன்சில் பன்னிரண்டு மணி நேரம் பாதுகாப்பானதா' என்ற கேள்வி வந்துவிடுகிறது. டாக்காவில் கில்லன்–பாரே நோயாளிகள் 20 பேரிடம், கருவியே இன்றி, இரத்தப் பையைப் படுக்கையருகே தொங்கவிட்டு அணுக்கள் தாமாக அடியில் படியக் காத்திருந்து, பிளாஸ்மாவைச் சிறிது சிறிதாக நீக்கும் முறையைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஏழை நாடுகளுக்கு வழிதேடும் நல்முயற்சி அது. ஆனால் அதை அப்படியே மூளையழற்சிக்குக் கொண்டுவர முடியாது. கில்லன்–பாரே நோயாளிக்குக் கைகால் அசையாது, அறிவு விழித்திருக்கும். தமக்கு என்ன செய்கிறது என்று அவர் ஏதேனும் ஒரு வகையில் உணர்த்திவிடுவார். மூளையழற்சியில் கருவியின் விலையைக் குறைக்கலாம். காவலிருக்கும் கண்களின் எண்ணிக்கையைக் குறைக்க இயலாது.

ஆகவே, இந்த நிலைக்கு ஆளான குடும்பத்தாரும் நண்பர்களும் மருத்துவரிடம் "ஆபத்து உண்டா?" என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். இவற்றையும் கேட்கலாம்: சிகிச்சை நடக்கும் மணிகளில் இவர் அருகே யார் இருப்பார்? கால்சியம் எத்தனை முறை அளக்கப்படும்? வலிப்பு மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்படும்? குழாயை எந்த நாளில் எடுப்பீர்கள்? நிரப்புவது ஆல்புமினா, பிளாஸ்மாவா? இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் என்ன இழப்போம்? இவற்றைக் கேட்பது மருத்துவர்மீது ஐயம் கொள்வதாகாது. நல்ல மருத்துவக் குழு இவற்றுக்கு விடை வைத்திருக்கும். இல்லாத இடத்தில், கேள்வியே விடையை ஏற்பாடு செய்ய வைக்கும்.

பல்கலைக்கழகத்தாரும் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. முன்பு உளப்பிணி எதுவும் இல்லாத இளைஞர் ஒருவர், சில நாட்களில் அல்லது சில வாரங்களில் மாறிப்போனால், அதோடு காய்ச்சலோ தலைவலியோ வலிப்போ, வாயில் விந்தையான அசைவோ, பேச்சுக் குறைவோ சேர்ந்தால், நரம்பியல் மருத்துவரும் அவரைப் பார்க்க வேண்டும். விடுதிக் காப்பாளருக்கும் நெறியாளருக்கும் அறைத் தோழருக்கும் இதைச் சொல்லிவைக்க அரைமணி நேரக் கூட்டம் போதும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையை எவ்வளவு பாதுகாப்பாகச் செய்தாலும், அது தொடங்கிய நாள் இருபத்து நான்காம் நாளா, பத்தாம் நாளா என்பதை அந்த அறையிலிருந்தவர்களே முடிவு செய்திருப்பார்கள்.